அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் ஏன் தங்களை 'அலம்னி' (படித்து வெளியேறியவர்கள்) என்று சொல்லிக்கொள்வதில்லை?

அங்கே படிப்பவர்களுக்கு 'ஆகீ' என்று பெயர்; பட்டம் வாங்கிவிட்டால் 'ஆகீ' இல்லை என்று ஆகிவிடாது என்பது அவர்கள் கட்சி. 'முன்னாள் மாணவர்' என்றால் சரி, அங்கே படித்தவர்களின் சங்கத்தின் பெயரே அதுதான், ஆனால் 'முன்னாள் ஆகீ' என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள். (பரம எதிரியான ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் தங்களை 'எக்ஸஸ்' ('முன்னாள்'கள்) என்று அழைத்துக்கொள்வதும் இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் என்று எனக்குச் சந்தேகம்.) 1876-ல் வேளாண், இயந்திரக் கல்லூரியாகத் திறந்த இடம் அது, 'அக்ரிகல்ச்சர்' சுருங்கித்தான் 'ஆகீ' என்ற பெயர்.

அவர்கள் வழக்கங்களில் எனக்குப் பிடித்தது ஏப்ரல் 21 அன்று ஆகீக்கள் ஒன்றுகூடும் 'மஸ்டர்'. அந்த வருடம் இறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள், நண்பரோ உறவினரோ எழுந்து அவருக்காக 'இருக்கிறேன்' என்று சொல்லி மெழுகுவத்தி ஏற்றுவார். 1942-ல் பிலிப்பைன்ஸின் கொரெகிடோர் தீவில், ஜப்பானிய முற்றுகைக்கு நடுவில்கூட அங்கிருந்த ஆகீக்கள் இந்த நாளை விடவில்லை.

அப்புறம் ஆகீக்கள் போடும் தங்க மோதிரம். படிக்கும்வரை அதிலுள்ள வகுப்பு ஆண்டு (பட்டம் பெறும் வருடம்) போட்டிருப்பவரைப் பார்த்து இருக்கும், படிப்பு முடிந்ததும் வெளியே பார்க்கத் திருப்பிப் போடுவார்கள். விமான நிலையத்தில் அந்த மோதிரத்தைப் பார்த்தே முன்பின் தெரியாதவர்கள் 'ஹவுடி' என்று வணக்கம் சொல்லி, எந்த வருடத்து ஆள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.