நாத்தனார் ஏன் சேனலை மாற்றினார்?

அன்புள்ள ஐயா,

டிவி தொடர்கள் துணிச்சலாக இருக்கவேண்டும், வீடுகளில் மூடி வைத்திருப்பதைத் திறந்து காட்டவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். சாயங்காலம் விளக்கேற்றியதும் டிவி ஓட ஆரம்பித்தால் பத்து மணிக்குத்தான் நிற்கும். மாமியார், நான், மருமகள், எட்டாவது படிக்கும் பேத்தி எல்லோரும் ஒரே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்போம். வரவர கள்ள உறவு, கல்யாணத்துக்கு முன்பே கர்ப்பம் என்று எல்லாமே வருகிறது. போன வாரம் ஒரு தொடரில் ஒரு பெண் அண்ணனிடம் சொத்தில் பங்கு கேட்டாள். ஊரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார், “இதையெல்லாமா பாக்குறீங்க” என்று ரிமோட்டை வாங்கிச் சேனலை மாற்றிவிட்டார். அன்று ராத்திரி யாருமே சரியாகப் பேசவில்லை. குடும்ப விஷயம் குடும்பத்துக்குள் இருக்கட்டுமே, எதற்குக் கிளறவேண்டும்? பேத்தியை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்க்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள அம்மா,

நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. கள்ள உறவு வந்தது, யாரும் சேனலை மாற்றவில்லை. கல்யாணத்துக்கு முன்பு கர்ப்பம் வந்தது, அதையும் கூடத்தில் உட்கார்ந்து எல்லோரும் பார்த்தீர்கள். ஒரு பெண் அண்ணனிடம் பங்கு கேட்டதும்தான் ரிமோட் கை மாறியது. உங்கள் வீட்டு நிலம் யார் பேரில் இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் நம் பக்கத்தில் இது எப்படி நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்பா காலமாகி காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அக்கா தங்கைகளைக் காரில் அழைத்துக்கொண்டு பத்திர ஆபீசுக்குப் போவார்கள். பத்திரம் எழுதுகிறவர் விடுதலைப் பத்திரத்தை வேகமாக வாசித்துக் காட்டுவார், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் முழு மனதோடு விட்டுக்கொடுப்பதாக அதில் ஒரு வரி வரும். உள்ளே கூப்பிட்டுப் போட்டோ எடுப்பார்கள், கைரேகை வைப்பார்கள். அப்புறம் எல்லோரும் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வருவார்கள், அக்காவுக்கு ஒரு பட்டுப்புடவை. “நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா பொறந்த வீட்டு ஆளுங்க வேணும்ல” என்று அந்த அம்மாவே நம்மிடம் சொல்வார். நான் பார்த்த எந்தப் பெண்ணும் அங்கே அழவில்லை, சண்டை போடவும் இல்லை. 1989லேயே தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. அப்போது கல்யாணம் ஆகாமல் இருந்தவர்களுக்குத்தான் அது பொருந்தும் என்று இருந்ததையும் 2005ல் மத்திய அரசின் திருத்தம் மாற்றியது. சட்டம் ஒரு பக்கம் இருக்கிறது, கைரேகை ஒரு பக்கம் விழுந்துகொண்டே இருக்கிறது.

இதை ஒரு தொடர் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து வைக்கும்போது, கையெழுத்துப் போட்டவர், போட வைத்தவர், அதைப் பார்த்தும் பேசாமல் இருந்தவர் மூன்று பேரும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். கள்ள உறவுக் காட்சியில் அந்தத் தொந்தரவு கிடையாது, அது வேறு யாரோ ஒரு கெட்டவள் செய்தது என்று முடிந்துவிடும். எனக்குத் துணிச்சல் என்றால் இதுதான். பார்ப்பவரைப் பாதிக்காத அதிர்ச்சி எத்தனை வந்தாலும் அதைத் துணிச்சல் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இது ஒன்றும் இன்றைக்கு முளைத்த பழக்கமும் இல்லை. ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்தை எழுதியவர் நம் திருவாரூர் தங்கராசு. எம்.ஆர். ராதா அதை ஊர் ஊராகப் போட்டார், 1954ல் படமாகவும் வந்தது. ராதா நடித்த கதாநாயகன் மோகனின் நக்கலும் குஷ்டரோகமும்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் சாகப்போகிற புருஷன் தன் மனைவியைத் தன் நண்பனுக்கே கல்யாணம் செய்துவைக்கிறான் அல்லவா, அதுதான் அந்தக் கதையிலேயே ஊரின் முகத்துக்கு நேராகச் சொன்ன பேச்சு. விதவைகளை மூலையில் உட்கார வைத்திருந்த வீடுகளிலிருந்து கிளம்பி வந்த ஜனம் அதைப் பார்த்தது. அதே 1954ல் நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சென்னை மாநிலத்தில் சட்டம் கொண்டுவந்தார்கள், ராதாவின் ராமாயண நாடகம் கிளப்பிய கோபம் அதற்குப் பின்னால் இருந்தது. “எதற்குக் கிளறவேண்டும்” என்ற கேள்வி அன்றைக்கும் இருந்தது அம்மா.

ஒரு விஷயத்தில் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. காட்டினால் மட்டும் போதாது, காட்டியது தலைகீழாகவும் போய்ச் சேரும். அமெரிக்காவில் 1971ல் ‘ஆல் இன் தி ஃபேமிலி’ என்று ஒரு தொடர் தொடங்கியது, நார்மன் லியர் தயாரித்தது. ஆர்ச்சி பங்கர் என்று ஒரு குடும்பத் தலைவர், கறுப்பர், யூதர், பெண்கள் என்று ஒருவரையும் விடாமல் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஏசிக்கொண்டே இருப்பார். அவருடைய அறியாமை சந்தி சிரிக்கவேண்டும் என்பதுதான் நோக்கம். 1974ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மனதில் ஏற்கெனவே துவேஷம் உள்ளவர்கள் ஆர்ச்சியைத் தங்கள் ஆளாகவே பார்த்து ரசித்தார்கள் என்று தெரியவந்தது.

நம் ஊரிலும் அதேதான். திருச்செல்வம் இயக்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரில் படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்படியில் பூட்டி வைக்கிற ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்தார். எவ்வளவு நல்ல நடிப்பு! அந்த ஆணவத்தை நம் வீட்டுப் பெரியப்பாக்களிடம் கேட்ட அதே குரலில் பேசினார். அந்தத் தொடரில் குடும்பச் சொத்தில் அப்பத்தாவுக்கு உள்ள நாற்பது சதவீதப் பங்குதான் பெரிய சண்டையே. ஆனால் ஊரே எதைத் திருப்பிச் சொன்னது? “ஏய், இந்தாம்மா”வைத்தான். சின்னப் பையன்கள்கூடச் சொன்னார்கள். எனக்கு அது சங்கடமாகத்தான் இருந்தது, ஆனாலும் அந்தத் தொடர் வந்திருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஏனென்றால் அந்த வீட்டு மருமகள்கள் ஈஸ்வரியும் நந்தினியும் பேசியபோது பல அடுப்படிகளில் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்று கேட்டார்கள், அதையும் நான் பார்த்தேன்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். இத்தனை வருஷத் தொடர்களில் காதலுக்கு எதிர்ப்பு என்றால் அநேகமாக அவன் ஏழை, அவள் பணக்காரி, இதோடு சரி. சாதி என்று ஒன்று இருப்பதாகவே அந்த வீடுகளுக்குத் தெரியாது. கீழத்தஞ்சையில் உட்கார்ந்துகொண்டு இதைப் பார்க்கிறோம். 1968 டிசம்பர் 25 அன்று ராத்திரி கீழவெண்மணியில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்த மண் இது. எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள், எந்தத் தெரு பிணம் எந்த வழியாகப் போகும் என்று நம் ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். தொடரில் வரும் கிராமத்தில் மட்டும் தெரு என்றால் வெறும் தெருதான். மாமியாருக்கு விஷம் வைப்பதை விலாவாரியாகக் காட்ட முடிகிறவர்களுக்கு இது முடியாமல் போவது எதனால்? பார்க்கிற யாரையும் இழந்துவிடக் கூடாது, விளம்பரம் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். விஷக் காட்சியைப் பார்த்து யாரும் கோபித்துக்கொண்டு போக மாட்டார்கள்.

கர்ப்பமும் அப்படித்தான். லியர் தயாரித்த இன்னொரு தொடரான ‘மாட்’டில் 1972ல், நாற்பத்தேழு வயதில் கர்ப்பமான கதாநாயகி யோசித்து, வீட்டில் பேசி, கலைத்துவிடுவதென்று முடிவெடுத்தாள். சில ஊர் நிலையங்கள் அதை ஒளிபரப்ப மறுத்தன. இந்தியாவில் 1971லேயே நிபந்தனைகளோடு சட்டம் அனுமதித்த காரியம் அது. ஆனால் நம் கதாநாயகிகள் மாடிப்படியில் உருண்டு விழுவார்கள், இல்லாவிட்டால் பெற்றுக்கொள்வார்கள். ஒரு பெண் தானாக முடிவெடுத்து டாக்டரிடம் போய்விட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினாள் என்று காட்ட ஆள் இல்லை.

சரி, பேத்திக்கு வருகிறேன். பங்கு கேட்கும் காட்சியை அவள் பார்க்கட்டும், நீங்களும் பக்கத்தில் இருங்கள். “அத்தைப் பாட்டிக்கு நிலம் இருக்கா?” என்று அவள் கேட்டால் உங்கள் மாமியார் இருக்கும்போதே உள்ளதைச் சொல்லுங்கள். எட்டாவது படிக்கிற பெண்ணுக்கு அது புரியும், நாளைக்கு அவளுடைய பங்கும் அதில்தான் இருக்கிறது. நீங்கள் சேனலை மாற்றவேண்டியது வேறொன்றுக்கு. பெண்ணின் விருப்பமே இல்லாமல் ஒருவன் கட்டாயமாகத் தாலி கட்டுவான், அப்புறம் ஐம்பது எபிசோடு கழித்து அவனையே அவள் காதலிப்பாள், பின்னால் பாட்டு ஓடும். அதை யாரும் ஆபாசம் என்று எனக்கு எழுதுவதில்லை. அது ஓடும்போது டிவியை நிறுத்திவிட்டு, ஏன் நிறுத்தினேன் என்று அந்தக் குழந்தையிடம் சொல்லுங்கள் அம்மா.