வாசகர் கேள்வி – பதில்: ஜோவாவ் ஜில்பெர்ட்டோவை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பிரேசில் பாடகர் ஜோவாவ் ஜில்பெர்ட்டோவின் எந்த ஆல்பத்தை முதலில் கேட்கலாம்? அவருடைய கிட்டார் தாளம் எனக்குப் பிடிபடவே இல்லையே, ஏன்?

பதில்: 1973இல் அவர் பெயரிலேயே வந்த ஆல்பத்தில் தொடங்குங்கள். பெரும்பாலும் குரல், கிட்டார், மெல்லிய தாளவாத்தியம் மட்டுமே. விரல்களின் வேலை துல்லியமாகக் கேட்கும். அடுத்து, போசா நோவா என்ற மென்மையான பிரேசில் இசைப் பாணிக்கு வழி திறந்த 1959ஆம் ஆண்டின் முதல் ஆல்பம். அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸுடன் 1963 மார்ச்சில் நியூயார்க்கில் பதிவான ஆல்பம் 1965இல் கிராமி வென்றது; அருமையான இசைதான், ஆனால் அதில் சாக்சபோன் முன்னே நிற்கிறது. கிட்டார் பழக அது உதவாது.

தாளம் பிடிபடாததற்குப் பெரும்பாலும் கட்டைவிரலே காரணம். அது 2/4 தாளத்தின் (இரண்டிரண்டு அடிகளாக எண்ணும் தாளம்) ஒவ்வொரு அடியிலும் பாஸ் தந்தியை, அதாவது கீழ்ச்சுரத் தந்தியை, சீராகத் தொட வேண்டும், பிரேசிலின் சாம்பா இசையில் வரும் சுர்டோ என்ற பெரிய மேளம் போல. மற்ற மூன்று விரல்களும் ஒரே நேரத்தில் கார்டை (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) கிள்ளும், அடி விழும் இடத்துக்குச் சற்று முன்னோ பின்னோ. பழகாத கையில் கட்டைவிரலும் அவற்றோடு ஓடிவிடும், தாளம் குலையும். மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, முதலில் கட்டைவிரலை மட்டும் பழக்குங்கள். நைலான் தந்தி அவசியம். பாடுவது கடைசியில்தான், அவர் குரல் கிட்டாருக்கு முந்தியும் பிந்தியும் மிதக்கும், அதுவே மிகக் கடினம்.