பாட்டி பெட்டியில இருந்த துணியெல்லாம் என்ன பண்றது? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய தலையணை உறையை வெச்சு குஷன் கவர் தைக்கறது பத்தி ரெண்டே வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகளைப் பார்த்தா எல்லார் வீட்டு பீரோ அடித்தட்டுலயும் ஒரு மூட்டை இருக்கும் போல, தூக்கிப் போடவும் மனசு வராம எடுத்துப் பயன்படுத்தவும் தெரியாம. அதனால இந்தத் தடவை முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

அக்கா, எங்க பாட்டி கையால எம்பிராய்டரி போட்ட காட்டன் மேஜை விரிப்பு ஒண்ணு டிரங்குப் பெட்டியில கிடைச்சுது. மடிச்ச இடமெல்லாம் பழுப்புக் கோடு, ஓரத்துல ரெண்டு துருக்கறை. வெளுத்து எடுத்து குஷன் கவர் தைக்கணும். பிளீச்சிங் பவுடர் போடலாமா?

போடாதீங்கம்மா, தயவு செஞ்சு போடாதீங்க. குளோரின் பிளீச் கறையை எடுக்கும், கூடவே நூலோட பலத்தையும் எடுத்துடும், அதுவும் இத்தனை வருஷம் பெட்டியில கிடந்த துணி ஏற்கனவே பாதி பலத்துலதான் இருக்கும். அந்தப் பழுப்பு பெரும்பாலும் அழுக்கு கிடையாது. காட்டன் நூல் வயசாக வயசாக காத்துபட்டு தானா பழுக்கும், சரியா அலசாம விட்ட சோப்பும் கஞ்சியும் அதுல சேரும், மரப்பெட்டியோ அட்டைப்பெட்டியோ இருந்தா அதுலேருந்து வர்ற அமிலமும் துணியில ஏறும். இதுல நிறைய பங்கு வெறும் தண்ணியிலயே வந்துடும், அது தெரியாமதான் நாம நேரா மருந்துக்குப் போயிடறோம்.

முதல்ல எம்பிராய்டரி நூல் சாயம் போகுதான்னு பாருங்க. ஒரு வெள்ளைத் துணியை நனைச்சு, பின்பக்கமா ஒவ்வொரு கலர் மேலயும் ரெண்டு மூணு நிமிஷம் அழுத்திப் பிடிங்க, முக்கியமா சிவப்பு, கறுப்பு, கரும்பச்சை. கலர் ஒட்டினா அந்த விரிப்பை ஊற வைக்கவே கூடாது. ஒட்டலைன்னா அகலமான டப்ல பச்சைத் தண்ணி விட்டு மூணு நாலு மணி நேரம் ஊறட்டும், தண்ணி மஞ்சளா மாறும், கொட்டிட்டு மறுபடி நல்ல தண்ணி விடுங்க, தண்ணி தெளிவா நிக்கற வரைக்கும் இதையே செய்யுங்க, ஒரு நாள் ஆனாலும் பரவாயில்ல.

அதுக்கப்புறமும் பழுப்பு இருந்தா ஆக்சிஜன் பிளீச் பவுடர், அதாவது சோடியம் பெர்கார்பனேட், 40 டிகிரி வாக்குல இருக்கற வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு ஊற வைக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி துருக்கறையை எடுத்தே ஆகணும். துருவுல இருக்கற இரும்பு அந்த பிளீச்சோட சேர்ந்தா அந்த இடத்துல மட்டும் வேகமா வினை நடந்து துணி ஓட்டையாயிடும். எலுமிச்சைச் சாறும் உப்பும் வெச்சு கொஞ்ச நேரம் விட்டு நல்லா அலசுங்க, சாறு துணியில தங்கக் கூடாது. கறை போகலைன்னா ஆக்சிஜன் பிளீச்சையும் விட்டுடுங்க, கறை ஓரத்துலதானே இருக்கு, வெட்டும்போது அதை வெளியே தள்ளிடலாம். பட்டு, கம்பளி எதுக்கும் இந்தப் பவுடர் ஆகாது, இது வேற எல்லாருக்கும் சேர்த்துச் சொல்றேன்.

வெளிய எடுக்கும்போது ஒரு மூலையைப் பிடிச்சுத் தூக்காதீங்க, தண்ணி பாரத்துலயே கிழியும். அடியில ஒரு டவலை விட்டு டவலோட சேர்த்துத் தூக்குங்க, முறுக்கிப் பிழியவே வேண்டாம், இன்னொரு டவல்ல பரப்பி உலர்த்துங்க. கறை முழுசா போற வரைக்கும் இஸ்திரி பெட்டி பக்கமே போகக் கூடாது, சூடு பட்டா கறை அப்படியே பிடிச்சுக்கும். கடைசியா இஸ்திரி போடும்போது தடிமனான டவல் மேல எம்பிராய்டரியைக் குப்புறப் போட்டு பின்பக்கமா தேய்ங்க, பூவெல்லாம் எழும்பி நிக்கும்.

இப்போ தையல். 40 சென்டிமீட்டர் குஷனுக்கு முன்பக்கம் 43க்கு 43 வெட்டுங்க, சுத்தி ஒண்ணரை சென்டிமீட்டர் தையலுக்குப் போகும். குஷன் புஸ்ஸுன்னு தெரியணும்னு புதுத் துணியில கொஞ்சம் சின்னதா தைப்பாங்க, பழைய துணியில அது வேண்டாம், இறுக்கமா இழுத்தா தையல் ஓரத்துலயே விட்டுடும். பின்பக்கத்துக்குப் புது காட்டன்ல 43க்கு 30 அளவுல ரெண்டு துண்டு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல வர்ற ஓரத்தை ரெண்டரை சென்டிமீட்டர் மடிச்சுத் தைச்சு, ஒண்ணு மேல ஒண்ணு 12 சென்டிமீட்டர் ஏறி நிக்கற மாதிரி வெச்சா ஜிப்பே வேண்டாம். வெட்டறதுக்கு முன்னாடி பாட்டி போட்ட பூ நடுவுல வருதான்னு அட்டையில சதுரமா ஜன்னல் வெட்டி துணி மேல நகர்த்தி நகர்த்திப் பாருங்க, அதுக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும்.

அம்மா பயன்படுத்தின காட்டன் பெட்ஷீட் நாலு இருக்கு. அம்மா இப்போ இல்ல. நடுவுல நைஞ்சு போச்சு, தூக்கிப் பிடிச்சா வெளிச்சம் தெரியுது. ஏதாவது செய்யணும்னு எடுப்பேன், கத்திரிக்கோல் வைக்க மனசு வராம திரும்ப மடிச்சு வெச்சுடுவேன்.

உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன் தங்கச்சி. அவசரமே இல்ல, முதல்ல அதைச் சொல்லிடறேன். ஆனா மடிச்சு வெச்சா பத்திரமா இருக்கும்னு நினைக்காதீங்க. மடிச்ச கோட்டுலதான் இழை முதல்ல உடையும், அஞ்சாறு வருஷம் ஒரே மடிப்புல கிடந்தா அந்தக் கோடு வழியாவே கிழியும். இன்னைக்கே எடுத்து ஒரு துணி உருளையில சுருட்டி வைங்க, இல்ல மடிப்பையாவது மாத்தி மடிங்க. கஞ்சி போட்டு வைக்க வேண்டாம், கஞ்சி வாசனைக்கு வெள்ளிப்பூச்சி வரும்.

பெட்ஷீட்ல படுக்கற இடம் நடுவுலதான், அதனால நடுப்பகுதி மட்டும்தான் இத்துப் போகும், ரெண்டு பக்க ஓரமும் மெத்தைக்கு அடியில சொருகியே இருந்ததால கெட்டியா இருக்கும். அந்தக் காலத்துல இதுக்கு ஒரு வழி வெச்சிருந்தாங்க, நீளவாக்குல நடுவுல வெட்டி கெட்டியான ரெண்டு ஓரத்தையும் நடுவுல சேர்த்துத் தைச்சு, நைஞ்ச பக்கத்தை ஓரத்துக்குத் தள்ளிடுவாங்க. இதுல ஒரு துண்டுகூட வீணாகாது. தூக்கி எறியற வெட்டு இல்லைங்கறதால உங்களுக்கு முதல் வெட்டு இதுவா இருக்கட்டும்னு தோணுது.

இன்னொண்ணு, ஷீட்டை முழுசா அப்படியே ஒண்ணு மேல ஒண்ணா மூணு நாலு அடுக்கு வெச்சு, முழுக்க கையால ஓடுதையல் போட்டா மெத்துன்னு ஒரு போர்வை கிடைக்கும், காந்தா தையல்னு சொல்றது இதைத்தான். தனித்தனியா நிக்க முடியாத துணி நாலும் ஒண்ணையொண்ணு தாங்கிக்கும். வெட்டவே வேண்டியதில்ல. காட்டன் நூல்லயே தைங்க, பாலியஸ்டர் நூல் நைஞ்ச துணியை விட பலமா இருக்கறதால இழுபட்டா நூல் அறுறதுக்குப் பதிலா துணி கிழியலாம், பழைய துணி தைக்கற எல்லாருமே இதை ஞாபகம் வெச்சுக்கங்க. அம்மா பயன்படுத்தின துணி பீரோவுக்குள்ள இருட்டுல இருக்கறத விட நீங்க தினமும் போர்த்திக்கறதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு எப்போ தோணுதோ அப்போ ஆரம்பிங்க.

பழைய கைக்குட்டை முப்பது நாப்பது இருக்கு, எல்லாமே வேற வேற அளவு. கர்ட்டன் பண்ணலாமா?

அழகா வரும். ஒரே அளவா வெட்டாதீங்க, கையால மடிச்ச ஓரம்தான் அதுக்கு அழகு. தரையில பரப்பி, ஓரத்து மேல ஓரம் ஒரு சென்டிமீட்டர் ஏத்தி, 70 நம்பர் மெல்லிசான மெஷின் ஊசியில ரெண்டரை மில்லிமீட்டர் தையலா போடுங்க. ரொம்ப நெருக்கமா தைச்சா வரிசையா ஓட்டை போட்ட காகிதம் மாதிரி அந்தக் கோட்டுலயே கிழியும். கம்பி கோக்கற மேல் பட்டி மட்டும் புதுத் துணியில இருக்கட்டும், மொத்த பாரமும் அங்கதானே. நேரா வெயில் அடிக்கற ஜன்னல்னா பின்னாடி லைனிங் கட்டாயம், வெயில் மாதிரி பழைய துணிக்கு எமன் வேற இல்ல.

அக்கா, என் மனைவியோட அம்மா போட்ட சின்ன எம்பிராய்டரி துண்டை ஃபிரேம் போட்டு மனைவிக்குப் பரிசா குடுக்கணும். அட்டையில ஃபெவிகால் வெச்சு ஒட்டிடலாமா?

நல்ல பரிசு தம்பி, ஆனா பசை மட்டும் வேண்டாம். பசை காஞ்சு இறுகி மஞ்சளாகும், பின்னால யாராவது அதைப் பிரிச்சு எடுக்க நினைச்சா முடியவே முடியாது. செலோ டேப்பும் அப்படித்தான். அமிலம் இல்லாத அட்டையா வாங்கி, அது மேல துவைச்ச வெள்ளைக் காட்டன் துணியை இழுத்துப் போர்த்தி, இந்தத் துண்டை அந்தத் துணியோட சேர்த்துச் சுத்தி சின்னச் சின்னத் தையலா பிடிச்சு விடுங்க. ஊசி இழைக்கு நடுவுல போகணும், இழையைக் குத்தக் கூடாது. ஃபிரேம் கடையில கண்ணாடி துணியில படாம நடுவுல இடைவெளி விட்டுப் போடச் சொல்லுங்க, ஒட்டிக்கிட்டு இருந்தா உள்ள ஈரம் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவத்துல மாட்டாதீங்க. பின்பக்க அட்டையில போட்டவங்க பேரையும் எப்போ போட்டதுன்னும் பென்சில்ல எழுதுங்க, இதை யாரும் செய்யறதில்ல, ரெண்டு தலைமுறை கழிச்சு யாரு போட்டதுன்னே தெரியாம போயிடுது.

வெள்ளை லேஸ் துணியை டீ தண்ணியில முக்கினா பழங்காலத்து கலர் வருமாமே?

வரும், ஆனா நிஜமாவே பழைய துணியா இருந்தா எதுக்குங்க? டீயில இருக்கற டேனின்ங்கற துவர்ப்புப் பொருள் நாள்பட நூலைப் பலவீனமாக்கும். புது லேஸ்ல செஞ்சு பாருங்க, பழசை வெள்ளையாவே விடுங்க.

குரோஷா வட்ட விரிப்பு நிறைய இருக்கு, லேம்ப் ஷேட் செய்ய ஆசை. என்கிட்ட தையல் மெஷின் கிடையாது.

மெஷினே தேவையில்ல. கம்பி ஷேட் ஃபிரேம் ஒண்ணு எடுத்து, கம்பி முழுக்க வெள்ளைக் காட்டன் நாடாவைச் சுத்துங்க, இல்லன்னா கம்பித் துரு நூலுக்கு ஏறும். விரிப்பு ஒவ்வொண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஓரத்துல கைத்தையலா சேர்த்து, ஃபிரேம் மேல போர்த்தி நாடாவோட தைச்சிடுங்க. பல்பு எல்இடி மட்டும்தான், பழைய குண்டு பல்பு சூட்டுக்கு காட்டன் பழுத்துக் கருகி தீப்பிடிக்கவே வாய்ப்பு இருக்கு. எல்இடியும் துணியில படாம உள்ளே தள்ளி இருக்கணும். சாயங்காலம் போட்டுப் பாருங்க, சுவரெல்லாம் பூ பூவா நிழல் விழும். தூசி படிஞ்சா மாசம் ஒருக்கா மெல்லிசான பிரஷ்ல தட்டி விடுங்க, வருஷத்துக்கு ஒரு தடவை தையலைப் பிரிச்சு அலசி மறுபடி பிடிக்கலாம், கைத்தையல்ங்கறதால பிரிக்கறதுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.