வெயிலில் தவளையின் செல்லுக்குள் என்ன நடக்கிறது?

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனின் பிப்ரவரி வெயிலில் நாமே சுருண்டுவிடுகிறோம், சாட்ஸ்வொர்த் வீட்டுத் தோட்டத்துத் தவளை எப்படித் தாங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சூடு ஏறினால் முதலில் அடிவாங்குவது புரதங்கள்தான். சரியான வடிவில் மடிந்திருந்தால்தான் அவை வேலை செய்யும். சூட்டில் மடிப்பு அவிழ்ந்து, வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இங்கேதான் ஹெச்எஸ்எஃப்1 வருகிறது. சாதாரண நேரத்தில் தனித்தனியாகச் சும்மா கிடக்கும் இந்தப் புரதம், அவிழ்ந்தவை பெருகியதும் மூன்று மூன்றாகச் சேர்ந்து டிஎன்ஏவில் போய் உட்கார்ந்து, ஹெச்எஸ்பி70 போன்ற வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உடனே தயாரிக்க வைக்கும். அவை அவிழ்ந்ததைப் பிடித்து மறுபடி மடியவைக்கும், தேறாததைச் சிதைக்க அனுப்பும். நம் நாட்டு நகத்தவளையின் முட்டைச் செல்களிலும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆனால் இதெல்லாம் இலவசம் இல்லை, செல்லின் எரிபொருளான ஏடிபி செலவாகும். அதே நேரத்தில் சூட்டால் செல்லின் ஆக்சிஜன் தேவையும் கூடுகிறது, தண்ணீரிலோ சூடு ஏற ஏற ஆக்சிஜன் குறைகிறது. தலைப்பிரட்டைகள் பாடு திண்டாட்டம்தான்.

அப்புறம், குவாசுலு-நட்டாலின் வடக்கே நுரைக்கூட்டு மரத்தவளை என்று ஒன்று உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்த ஆள். 40 டிகிரியை நெருங்கும்போது தோல் சுரப்பிகள் வழியாக நீர்விட்டு உடம்பைக் குளிர்விக்கும். வெயிலில் கிட்டத்தட்ட வெள்ளையாகவும் மாறிவிடும்: தோலின் நிறமிச் செல்களில் பரவியிருந்த மெலனின் துகள்கள் நடுவில் போய்க் குவிந்துகொள்ள, ஒளியைத் திருப்பியனுப்பும் செல்கள் வெளியே தெரியும்.