தப்ரீஸுக்கு வரவிருக்கும் தம்பிக்கு

தம்பி, ஈரானின் வடமேற்கில் இருக்கும் தப்ரீஸில் வேலை கிடைத்திருக்கிறது, பாரசீகம் படித்துக்கொண்டிருக்கிறேன், அது போதுமா, குளிர் எப்படி, சைவம் கிடைக்குமா, சம்பளம் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாரசீகம் அலுவலகத்துக்குப் போதும். கடைத்தெருவிலும் வீட்டுக்குள்ளும் இங்கே புழங்குவது அஜர்பைஜானித் துருக்கி மொழி. நான் வந்த புதிதில் ரொட்டிக்கடைக்காரர் எனக்குப் பாரசீகத்தில் மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு, பின்னால் நின்றவரிடம் துருக்கியில் சிரித்துப் பேசுவார். அந்தச் சிரிப்பில் சேர எனக்கு வெகுகாலம் பிடித்தது. இன்று அவரோடு விலை பேசிச் சண்டை போடுகிறேன், பெருமையாகத்தான் சொல்கிறேன்.

தெஹ்ரானில் இருக்கும் நம்மவர்கள் சிலர், இந்த மொழி பேசும் மக்களைக் கேலி செய்து அங்கே கேட்ட 'துருக்கியர்' ஜோக்குகளை இங்கே வந்து அவிழ்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள். 2006இல் ஒரு நாளேட்டில் இவர்களை இழிவுபடுத்தி வந்த கேலிச்சித்திரத்துக்காக இந்த ஊர் தெருவில் இறங்கியது. அந்த ரோஷத்துக்குப் பின்னால் பழைய கணக்கு இருக்கிறது. 1501இல் ஷா இஸ்மாயில் முடிசூடிய இடம் இது. அவர் தொடங்கி ஈரானை ஆண்ட சஃபாவி அரசின் முதல் தலைநகரம். ஈரானும் ரஷ்யாவும் செய்த 1828 துர்க்மென்சாய் உடன்படிக்கையில் அராஸ் ஆறு எல்லையாகி, ஒரே மொழி பேசிய மக்களில் அக்கரைக்காரர்கள் ரஷ்யாவிடம் போனார்கள். 1908இல் அப்போதைய மன்னர் ஷா நாடாளுமன்றத்தைப் பீரங்கியால் தகர்த்தபோது, அரசமைப்புச் சட்டத்துக்காகப் போராடிய சத்தார் கானும் பாகர் கானும் இந்த ஊரை விட்டுக்கொடுக்கவில்லை. முற்றுகையில் ஊரே பட்டினி கிடந்தது. வந்ததும் அந்தப் போராட்டத்தின் அருங்காட்சியகமான அரசமைப்பு இல்லத்தைப் பாருங்கள். அதன் பிறகு வாயைத் திறக்கலாம்.

குளிரைவிட அடுப்பைப் பார்த்துப் பயப்படுங்கள். ஊர் சுமார் 1,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தெற்கே சஹந்த் எரிமலை. ஜனவரி இரவில் குழாய் உறைந்துபோகும். வீடுகளில் 'புகாரி' என்ற எரிவாயு அடுப்பை மூட்டிவிட்டு ஜன்னல்களை இறுக்கி அடைத்துக்கொள்வார்கள். சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளானால் நச்சு வாயு வருகிறது என்று அர்த்தம், உடனே அணையுங்கள். என் முதல் வீட்டுக்காரர், கழன்றுபோன புகைக்குழாயைத் துணியால் சுற்றி வைத்துவிட்டு முழு வாடகையும் வாங்கிக்கொண்டார். தினமும் காலையில் தலைவலி. காரணம் புரிவதற்குள் குளிர்காலம் பாதி போய்விட்டது. பழைய செங்கல் கட்டடத்தின் மேல்மாடியும் வேண்டாம். ஊருக்கு வடக்கே நிலநடுக்கப் பிளவு ஓடுகிறது. 1780இல் ஊர் தரைமட்டமானபோது, 1465இல் கட்டிய நீல மசூதியின் குவிமாடமும் சரிந்தது.

அந்தக் குளிர்காலத்தில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் பஜாரிலேயே பொழுதைக் கழித்தேன். செங்கல் வளைவுகளுக்குக் கீழே பனி எட்டாது. இந்த ஊர் கம்பள நெசவாளர்கள் முடிச்சை விரலால் போடுவதில்லை, கொக்கி முனைக் கத்தியால் நூலை இழுத்து முடிச்சிட்டு அதே கையசைவில் அறுத்துவிடுவார்கள். கண் பின்தொடர முடியாத வேகம். பார்த்துக்கொண்டு நின்ற என்னை ஒரு முதியவர் உட்காரவைத்து, சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துத் தேநீர் குடிக்கப் பழக்கினார். நான் கற்ற முதல் துருக்கி வாக்கியங்கள் அவரிடமிருந்து வந்தவைதான், பாதி வசவு.

சைவம்? ரொட்டி, பாலாடைக்கட்டி, வால்நட், தேன் இருக்கின்றன, பிழைத்துக்கொள்வீர்கள். தப்ரீஸ் கோஃப்தா உருண்டை மட்டும் கறி. சம்பளத்தை ரியாலில் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள், மதிப்பு நிற்காது. நம் ஊர் வங்கி அட்டை இங்கே எந்த இயந்திரத்திலும் செல்லாது. முதல் சம்பளம் வரும்வரை செலவுக்கு ரொக்கமாகக் கொண்டுவாருங்கள்.