பெரிய பண்ணை வீட்டில் பாகம் பேசலாமா?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு 84 வயது. அம்மா காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஊரில் இன்றும் அப்பாவைப் 'பெரிய பண்ணை' என்றுதான் சொல்வார்கள். கொள்ளுத்தாத்தா காலத்தில் நான்கு வேலி, அதாவது 80 மா. 1965-இல் அப்பாவும் சித்தப்பாவும் பத்திரம் எழுதிப் பாகம் பிரித்துக்கொண்டதில் எங்களுக்கு 40 மா வந்தது. 1974-இல் அப்பா மேலும் 3 மா வாங்கினார். அக்கா கல்யாணத்துக்கு 1986-இல் 5 மா விற்றோம். அப்பா இரண்டு முறை ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்றதில் 11 மா போனது. நில உச்சவரம்புச் சட்டமும் எங்களை அழித்துவிட்டது. மிச்சம் 27 மா. அதை ஒரே குடும்பம் 40 ஆண்டுகளாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறது. எழுத்தில் எதுவும் இல்லை. மொத்தத்தையும் விற்றுவிடலாம் என்கிறான் தம்பி. தாம்பரத்தில் இருக்கும் அக்கா எதையும் கேட்கமாட்டார்; அவருக்கு அப்போதே 60 பவுன் போட்டாயிற்று. அப்பா இருக்கும்போதே பாகம் பேசினால் அவருடைய கௌரவம் என்ன ஆகும்? குத்தகைக்காரர் இன்றும் எங்கள் திண்ணையில் உட்காராமல் நின்றுகொண்டுதான் பேசுவார். அப்படி வாழ்ந்த மனிதர் அப்பா. வழி சொல்லுங்கள்.
(பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

பண்ணை வீட்டிலிருந்து கடிதம் வந்தால் முதலில் கணக்கைக் கூட்டிப் பார்ப்பது என் வழக்கம். 40-ம் 3-ம் 43 மா. கல்யாணத்துக்கு 5, தேர்தலுக்கு 11 போனால் 27. இன்று உங்கள் கையில் இருப்பதும் 27. அப்படியானால் உச்சவரம்புச் சட்டம் எதைக் கொண்டுபோயிற்று? 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று வரம்பு கட்டியது. 1970-இல் அது 15 ஆகக் குறைந்தது. ஏக்கருக்கு மூன்று மா என்று வைத்தால் உங்களுடைய 40 மா பதின்மூன்று ஏக்கரும் சொச்சமும்தான். நீங்கள் எழுதிய கணக்குப்படி ஒரு குழிகூட அந்த வழியில் போகவில்லை. போனதெல்லாம் பந்தலுக்கும் ஓட்டுக்கும்தான். டெல்டாவில் பாதி மிராசு வீடுகளில் இந்தக் கதை உண்டு. தாங்களே விற்றதைச் சொல்லக் கூச்சம், பழியைச் சட்டத்தின் தலையில் போட்டுவிடுவார்கள்.

குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் இன்னும் சில கதைகள் இப்படித்தான் சரிபார்க்கப்படாமல் கிடக்கின்றன. "அக்கா எதையும் கேட்கமாட்டார்" என்பது அதில் ஒன்று. நீங்கள் அவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அக்கா பேசியதாக அதில் ஒரு வரிகூட இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாடு 1989-இலேயே மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கு கொடுத்துவிட்டது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமான பெண்களை அது விலக்கி வைத்தது. உங்கள் அக்காவின் திருமணம் 1986 என்பதால் அவர் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றார். 2005 செப்டம்பர் 9-ஆம் தேதி அமலுக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தக் கோட்டையே அழித்துவிட்டது. மணமான மகளும் பிறப்பால் பங்குதாரர்தான். உச்ச நீதிமன்றமும் 2020 ஆகஸ்டில் இதை ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் உங்களுக்குள் பதிவுசெய்த பாகப்பிரிவினை நடந்திருந்தால் கதை வேறு. உங்கள் வீட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆகவே முன்னோர் வழி வந்ததில் மிஞ்சியிருக்கும் 24 மாவுக்கு அப்பா, அக்கா, நீங்கள், தம்பி என்று நான்கு பங்கு, ஆளுக்கு 6 மா. அப்பா காலத்துக்குப் பிறகு என்றில்லை, இன்றைக்கே அப்படித்தான்.

1974-இல் வாங்கிய 3 மாவுக்கு மட்டும் ஒரு கேள்வி இருக்கிறது. குடும்ப நிலத்தின் நெல் விற்ற பணத்தில் வாங்கினாரா, தன் சொந்தச் சம்பாத்தியத்திலா? சொந்தச் சம்பாத்தியம் என்றால் அதை யாருக்கு வேண்டுமானாலும் அவர் எழுதலாம். 1965 பத்திரத்தையும் 1974 கிரயப் பத்திரத்தையும் ஒரு வழக்கறிஞரிடம் சேர்த்துக் காட்டுங்கள். என் பதிலை வைத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போய்விடாதீர்கள்.

அறுபது பவுனைப் பற்றி ஒரு வார்த்தை. சீர் வேறு, பாகம் வேறு. அந்த நகையைப் பங்கில் கழித்துக்கொள்ளலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. திருவிழாவுக்கு வரும் பெண்ணைப் புடவை, பழத்தட்டோடு நேராகப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய் "ஒரு கையெழுத்து மட்டும் போட்டுவிடு" என்று, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்குகிற பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. என் சொந்தத்திலேயே ஒரு வீட்டில் நடந்தது. வழக்கு பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியது. கடைசியில் அந்தப் பெண் ஜெயித்தார். ஆனால் பெரியவரின் சாவுக்கு அவர் வாசல்வரை வந்து அழுதுவிட்டு உள்ளே வராமல் திரும்பிப் போனார். விடுதலைப் பத்திரம் எழுத அக்கா தாமாக முன்வந்தால், தன் பங்கு எவ்வளவு, இன்றைய விலை என்ன என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு எழுதட்டும்.

அடுத்தது குத்தகை. எழுத்து இல்லை என்பதால் உரிமை இல்லை என்று தம்பி நினைக்கிறார் போலும். 1955-ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டம் வாய்மொழிக் குத்தகையையும் காக்கிறது. தன் உடலுழைப்பைப் போட்டு உழுகிற வாரிசுக்கும் அந்தப் பாதுகாப்பு தொடரும். நிலத்தை விற்றாலும் வாங்குகிறவர் குத்தகையாளரோடு சேர்த்துத்தான் வாங்குகிறார். "ஆளைக் காலி செய்துவிட்டு நல்ல விலைக்குத் தள்ளுவோம்" என்கிற திட்டம் வருவாய் நீதிமன்றத்தில்தான் போய் முடியும். நாற்பது ஆண்டுகளாக அந்தச் சேற்றில் நின்றவர் அவர். விற்பதானால் முதலில் அவரிடம் விலை பேசுங்கள். அவருக்கு 4, 5 மா கொடுத்துவிட்டு மீதியை விடுவித்துக்கொள்வது பல ஊர்களில் நடக்கிறது. இரு தரப்புக்கும் மனக்கசப்பு குறைவு.

அவர் திண்ணையில் உட்காருவதில்லை என்பதை அப்பாவின் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் நான் மூன்று முறை படித்தேன். தஞ்சையில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-இல். கூலி உயர்வுப் போராட்டத்தின் முடிவில் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்தது 1968-இல். உங்கள் ஊரிலிருந்து அது வெகுதூரம் இல்லை. எழுபது வயது மனிதர் உங்கள் வாசலில் நிற்பது மரியாதையாலா, பழைய பயத்தாலா என்பது அவருக்குத்தான் தெரியும். அடுத்த முறை அவர் வரும்போது நீங்களே எழுந்து ஒரு நாற்காலியை எடுத்துப் போடுங்கள். உட்காருகிறாரா பாருங்கள்.

இனி அப்பா. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியை இடமில்லாமல் மேலே சுருக்கிவிட்டோம். 1977 நவம்பர் புயலில் ஊரே கூரையில்லாமல் நின்றபோது அவர் பத்தாயத்தின் அடிப்பலகையைக் கழற்றிவிட்டார், விதை நெல்லைத் தவிர எல்லாம் கொட்டியது, பதினொரு நாள் உங்கள் வீட்டுக் களத்தில் கஞ்சி காய்ச்சினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். முறைப்பாசனக் காலத்தில் கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் போய்ச் சேரும்வரை மதகடியில் குடையோடு உட்கார்ந்திருப்பார் என்றும். ஊர் அவரை மதிப்பது இதற்காகத்தான். நான்கு வேலி வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் யாருக்கு நினைவிருக்கிறது?

ஆகவே பாகம் என்ற சொல்லை எடுத்தால் அவர் நொறுங்கிவிடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. 1965-இல் இருபது சொச்சம் வயதில் தன் தம்பியோடு உட்கார்ந்து பாகம் பிரித்தவர் அவர். அண்ணன் தம்பி பேச்சு நிற்காமல் பிரிந்தார்கள் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களைவிட அவருக்கு இதில் அனுபவம் அதிகம். அவரைப் புண்படுத்துவது எது தெரியுமா? பிள்ளைகள் சென்னையில் தொலைபேசியில் பேசி முடித்துவிட்டு, ஊருக்கு வந்து கையெழுத்து கேட்பது.

அதனால் பங்கிலிருந்து பேச்சைத் தொடங்காதீர்கள். சம்பா அறுவடை முடிந்து வயல் வெறுமையாகக் கிடக்கும் மாசியில் போங்கள். இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, எந்தப் பத்திரம் எந்த வயலுக்கு என்று கேளுங்கள். பட்டாவில் வெறும் சர்வே எண்தான் இருக்கும். அவர் வாயில்தான் ஒவ்வொரு வயலுக்கும் பெயர் இருக்கிறது. எது மேட்டுப்பங்கு, எதில் தண்ணீர் தேங்கும், எந்த வரப்பில் பக்கத்து வயல்காரரோடு தகராறு என்பதெல்லாம் அவர் சொன்னால்தான் உண்டு. ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் அவரே, "இதை எப்படிப் பிரிக்கப்போகிறீர்கள்?" என்று கேட்டாலும் ஆச்சரியமில்லை.

கேட்டால், முதலில் அவருடைய பங்கை ஒதுக்குங்கள். அவருடைய 6 மாவும் வீடும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். யாருக்காவது செட்டில்மென்ட் எழுத விரும்பினால், ஆயுள்வரை அனுபவ உரிமை தனக்கே என்பதையும் தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மூத்த குடிமக்களுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பராமரிப்பு நிபந்தனையோடு எழுதிக் கொடுத்ததை, பிள்ளைகள் கவனிக்காதபோது ரத்து செய்ய முடியும். உங்களை நம்பாமல் சொல்லவில்லை. தம்பியின் அவசரத்தைப் படித்துவிட்டுச் சொல்கிறேன்.

கோயில் திருவிழாவில் ஒரு நாளை உங்கள் வீடு ஏற்று நடத்தும் மண்டகப்படியை விட்டுவிடாதீர்கள். நிலம் நான்காகிவிட்டால் ஐந்தாம் திருநாளை யார் நடத்துவது என்ற கவலைதான் அவருக்குப் பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கென்று ஒரு மாவின் குத்தகை நெல்லைப் பொதுவில் வைத்து, ஆண்டுக்கொருவர் முறை போட்டுக்கொள்ளலாம். அக்காவின் முறையில் அவரே முன்னால் நிற்கட்டும். பரிவட்டம் பெண்ணுக்குக் கட்டுவார்களா என்று ஊரில் யாராவது முணுமுணுப்பார்கள். அதைப் பெரிய பண்ணை பார்த்துக்கொள்வார். அந்த வேலை அவருக்குப் புதிதல்ல.

மாசிக்கு மன்னை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுக்கும்போது அக்காவுக்கும் ஒன்று எடுத்துவிடுங்கள். வண்டி தாம்பரத்தில் நிற்கும்.