வாசகர் கேள்வி – பதில்: ஓ'நீலின் வீடும் நாடகமும்

கேள்வி: வேலூரில் முதுகலை ஆங்கிலம் முடித்திருக்கிறேன். அமெரிக்க நாடகாசிரியர் யூஜீன் ஓ'நீலை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள விருப்பம். தம் குடும்பக் கதையையே அவர் நாடகமாக்கிவிட்டார், அதைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று, புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்கிறார்களே, உண்மையா? – வாசகி, குடியாத்தம்

பதில்: சொல்ல நிறைய இருக்கிறது, அது குடும்பக் கதைக்கு வெளியே இருக்கிறது. 1941இல் எழுதி முடித்த ‘லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்’ நாடகத்தை, தாம் இறந்து 25 ஆண்டுகள் கழியும்வரை அச்சிடக் கூடாது என்று ஓ'நீல் முத்திரையிட்டு வைத்தார். 1953இல் அவர் மறைந்தபின், உரிமை பெற்றிருந்த மனைவி கார்லட்டா அந்தக் கெடுவைப் பொருட்படுத்தாமல் யேல் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட, 1956இல் நூல் வெளிவந்தது. அதே ஆண்டு ஸ்டாக்ஹோமில் மேடையும் ஏறியது. நடிகரான தந்தை, மார்ஃபினுக்கு அடிமையான தாய், குடிகார மூத்த மகன், காசநோய் கண்ட இளையவன் என்ற நால்வரையும் அசல் மனிதர்களோடு பொருத்திப் பார்ப்பதையே ஆய்வு என்று கருதும் பழக்கம் பிறகு வேரூன்றிவிட்டது.

நீங்கள் பொருந்தாத இடங்களைப் பாருங்கள். கதை நிகழ்வது 1912 ஆகஸ்டில், ஒரே நாளில். அப்போது ஓ'நீலுக்கு மனைவியும் இரண்டு வயது மகனும் இருந்தார்கள்; நாடகத்தின் இளைய மகனுக்கோ இருவருமே இல்லை. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. சிறு குழந்தையாக இறந்துபோன அவருடைய அண்ணனின் பெயர் எட்மண்ட். நாடகத்தில் இறந்த குழந்தைக்கு யூஜீன் என்று தம் பெயரையே வைத்துவிட்டு, உயிரோடிருக்கும் மகனுக்கு எட்மண்ட் என்று பெயரிட்டார். இப்படிச் செய்தவரை, நடந்ததை நடந்தபடி எழுதியவர் என்று எப்படி ஏற்பது?

இன்னொன்று, மேடைக் குறிப்புகள். நம் மாணவர்கள் பெரும்பாலும் அவற்றைத் தாண்டி வசனத்துக்குப் போய்விடுகிறார்கள். தொடக்கக் குறிப்பில் இரண்டு புத்தக அலமாரிகள் வருகின்றன: ஒன்றில் மகன்களின் ரசனைக்கு ஏற்ற நீட்சே, மார்க்ஸ், இப்சன், ஸ்ட்ரிண்ட்பெர்க்; கண்ணாடி பதித்த மற்றொன்றில் தந்தையின் ரசனைக்கு ஏற்ற டூமா, ஹியூகோ, ஷேக்ஸ்பியர். எல்லாமே மீண்டும் மீண்டும் படிக்கப்பட்டவை என்றும் எழுதியிருக்கிறார். அரங்கில் இருப்பவர் எவருக்கும் அந்தத் தலைப்புகள் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. தந்தைக்கும் மகன்களுக்கும் இடையே நடக்கப்போகும் சண்டையில் பாதி, ஒருவரும் வாய் திறக்கும் முன்பே அந்த அலமாரிகளில் அடங்கியிருக்கிறது. யாருக்காக இதை எழுதினார் என்ற கேள்வி ஒன்றே ஓர் இயலுக்குப் போதும்.

கேள்வி: திரௌபதி அம்மன் கோவில்களின் அக்னி வசந்த விழாக்களில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவன் நான். ஓ'நீலின் ‘தி எம்பரர் ஜோன்ஸ்’ நாடகத்தில் வரும் முரசொலியைக் கூத்தோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுதலாமா? – வாசகர், ஆற்காடு

பதில்: எழுதலாம், ஓ'நீலிடம் கூத்தின் தாக்கம் என்று மட்டும் எழுத வேண்டாம், அதற்கு ஆதாரம் கிடையாது. 1920இல் மேடையேறிய அந்த நாடகத்தில், முதல் காட்சி முடியும் தறுவாயில் நாடித் துடிப்பின் அளவில், நிமிடத்துக்கு 72 என்ற கணக்கில் தொடங்கும் முரசு, இடைவிடாமல் வேகம் கூடிக்கொண்டே போய், குடிமக்களின் கிளர்ச்சிக்கு அஞ்சிக் காட்டுக்குள் ஓடும் பேரரசன் ஜோன்ஸ் சுடப்பட்டதும் சட்டென்று நிற்கிறது. கூத்தில் மிருதங்கக்காரர் நம் கண்முன்னே விசிப்பலகையில் அமர்ந்து, வேடக்காரரின் அடவுக்கும் பாட்டுக்கும் இசைந்து வாசிக்கிறார். ஜோன்ஸைத் துரத்தும் முரசோ கண்ணுக்குத் தெரியாதது, அவனுடைய எதிரிகளுடையது. இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்கினால் உங்கள் கட்டுரை நிற்கும்.